‘நிக்கிறன்’ என்ற சொல்லைத் திரும்பிப் போய்க் கேட்டவர்

பெருமதிப்புக்குரிய அருட்தந்தை அவர்களே, கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நண்பர் நவரட்ணம் அவர்களே, துணைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சீமோன் அவர்களே, தாயை இழந்த மகள் நிலாணி, இந்தக் குளிரிலும் பார்க்டேல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஆயுளின் பெரும்பகுதியை வகுப்பறையில் பேசியே கழித்தவன். கூட்டத்துக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் இன்று இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். இந்த மண்டபத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். இன்று நாம் அஞ்சலி செலுத்தும் பேர்ணடெற் அம்மையார் கைபிடித்து ஆஸ்பத்திரிக்கும் அகதி விசாரணைக்கும் கூட்டிக்கொண்டு போன சனம் மட்டும் வந்திருந்தாலே கதிரைகள் போதாமல் போயிருக்கும். அரைவாசிக் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. வராதவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு இருக்கும் பயம்தான் எனக்கும் இருக்கிறது.

தலைவர் சற்று முன்னர் என் காதுக்குள் சொன்னார்: “மாஸ்டர், அவவின்ரை சேவையைப் பற்றி வடிவாச் சொல்லுங்கோ. அந்த அஜக்ஸ் கதையை மட்டும் விடுங்கோவன்.” அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். பின்வரிசையில் வந்திருப்பது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கணக்குப் பாடம் நடத்து, எண்களை மட்டும் சொல்லாதே என்றால் ஓர் ஆசிரியன் என்ன செய்வான்? அஜக்ஸை விட்டுவிட்டு பேர்ணடெற் அம்மையாரைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இருதய நோய் இருந்தது. பட்டப்பகலில், தன் வீட்டில், கணவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் உயிர் பிரிந்தது. அதற்குப் பின்னால் வேறு கதை எதுவும் இல்லை. இருக்கிற பயமே நமக்குப் போதும். இல்லாததை யாரும் கட்டிவிட வேண்டாம்.

அன்பர்களே! எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நாங்கள் கனடாவுக்கு, இந்த நகரத்துக்கு வந்தபோது எப்படி வந்தோம்? மொழி தெரியாது, வீதி தெரியாது, பனியில் கால் வைக்கத் தெரியாது. இந்தப் பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்ரில் மூன்று குடும்பம் இருந்தோம். அந்த நாட்களில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் ஒரு கட்டிடத்தில் இருந்தால், அந்தக் கட்டிடம் முழுவதற்கும் அவர்தான் டொக்டர், அவர்தான் வழக்குப் பேசும் அப்புக்காத்து. எங்கள் கட்டிடத்தில் அது பேர்ணடெற் அம்மையார்.

அவர் எப்படி மொழிபெயர்ப்பார் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நீக்கிலாஸ் என்று ஒரு தம்பி. அகதி விசாரணை நடக்கிறது. ஊரில் பிடித்துக்கொண்டு போய் உன்னை அடித்தார்களா என்று அதிகாரி கேட்கிறார். தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “ரெண்டு தட்டுத் தட்டினவங்கள்” என்கிறான். வேறு யாராவது என்றால் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார்கள். அதிகாரியும் அப்படியே எழுதியிருப்பார். பையனின் கதை அத்துடன் முடிந்திருக்கும். அம்மையார் அதிகாரியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பினார். “தட்டினவங்கள் எண்டால் என்ன தம்பி? எங்கை? எதாலை?” அதற்குப் பிறகுதான் அவன் தலையைச் சரித்து, கேட்காத காதைக் காட்டினான்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நோவைச் சின்னதாக்கித்தான் சொல்லுவோம். வெட்கம் வந்தால் முக்கியமான சொல்லை விழுங்கிவிடுவோம். விழுங்கிய சொல்லைத் தேடி எடுப்பதுதான் தன் தொழில் என்று அவர் நினைத்திருந்தார். அப்படிப்பட்டவருக்கே ஒருமுறை பிழைத்தது. அந்தப் பிழையிலிருந்துதான் இன்றைக்கு நம்மையெல்லாம் பயமுறுத்திக்கொண்டிருக்கும் இந்தக் கதை தொடங்குகிறது.

போன மாரிகாலம். அஜக்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அரச அலுவலகம் ஒன்றுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார், பக்கத்துத் தமிழ் வீட்டில் ஒரு பிள்ளை வெறும் செருப்போடு ஸ்னோ தள்ளுகிறாள், அவள் அந்த வளவைத் தாண்டிப் போனதைத் தான் கண்டதே இல்லை என்று. ஓர் அதிகாரி விசாரிக்கப் போனார். மொழிபெயர்க்க அம்மையாரும் போனார். அந்த வீட்டார் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவளுக்கு இருபது வயது இருக்கலாம்.

வீட்டுக்காரர் மரியாதையாக வரவேற்றார். அவள் தன் தங்கையின் மகள் என்றார். பத்திரங்களிலும் அப்படித்தான் இருந்தது. அதிகாரி அவளையே கேட்டார்: நீ இந்த வீட்டில் யார்? அவள் சொன்னாள்: “நான் இவையளோட நிக்கிறன்.”

இவர்களோடு தங்கியிருக்கிறேன் என்று அம்மையார் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டினார், அவள் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தார், எல்லாம் சரி என்று எழுந்துவிட்டார்.

சபையோரே, இதில் என்ன பிழை என்று வெளியார் கேட்பார்கள். நமக்குத் தெரியாதா? “அண்ணை வீட்டில நிக்கிறன்” என்று சொன்னால் விருந்தாளி. வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் எங்கேயோ நின்றவர்கள்தான். ஆனால் ஊரில் “அந்த வீட்டில ஒரு பெட்டை நிக்குது” என்று சொன்னால் என்ன அர்த்தம்? வேலைக்கு நிற்கிறாள் என்று அர்த்தம். ‘வேலைக்கு’ என்ற சொல்லை நாங்கள் நாகரிகம் கருதி விழுங்கிவிடுவோம். மலைநாட்டிலிருந்தும் வன்னியிலிருந்தும் சின்ன வயதில் கொண்டுவந்து அடுப்படியில், குசினிக்குள் விட்ட பிள்ளைகளைப் பற்றி நாங்கள் அப்படித்தானே சொன்னோம்? கூலி என்று ஒன்று இல்லை. கலியாணம் எப்போது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி என்போம்.

அதிகாரியின் காரில் 401 நெடுஞ்சாலை வழியாகத் திரும்பி வரும்போது அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாராம். பெருந்தெருவில் கார் வேகமாக ஓடினால் அவருக்கு எப்போதும் பயம். கண்ணை மூடியிருந்தபோதுதான் அந்த அறை மறுபடி தெரிந்தது என்று எனக்குச் சொன்னார். எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். ஒருத்திதான் நின்றாள். கதிரை காலியாக இருந்தும் நின்றாள். உடனே அதிகாரியிடம் சொன்னார். ஒரு சொல்லுக்காகத் திரும்பிப் போக முடியாது என்று அவர் பதில் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை சென் ஜேம்ஸ் ரவுணில் நான் நடத்தும் குடியுரிமை வகுப்புக்கு அவர் வந்திருந்தார். வழக்கமாக எல்லோரோடும் சிரித்துப் பேசுபவர் அன்றைக்கு மூலையில் போய் இருந்துகொண்டார். அன்றைய பாடம் இந்த மாகாணத்தின் ஆரம்பக் குடியேற்றம். 

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது காடு. குடியேறியவர்கள் மரம் வெட்டி, மரவீடு கட்டி, புதுவாழ்வு தொடங்கினார்கள். அவர்களில் சிலர் கலப்பையோடும் மாட்டோடும் அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்றில், நயாகரா ஆற்றங்கரையில், ஒரு கறுப்பினப் பெண்ணைக் கயிற்றால் கட்டிப் படகில் ஏற்றி, அக்கரையில் விற்கக் கொண்டுபோனார்கள். அவள் திமிறினாள், கத்தினாள். அதைக் கண்ட ஒருவர் போய் ஆட்சியாளரிடம் சாட்சி சொன்னார். அந்த ஆண்டே சட்டம் வந்தது: இனிமேல் இந்த மண்ணுக்குள் புதிதாக ஓர் அடிமையையும் கொண்டுவரக் கூடாது. சட்டசபையில் எதிர்ப்பு இருந்தது. அங்கே இருந்தவர்களிலேயே பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். காடு வெட்ட ஆள் இல்லையே, என்ன செய்வது என்றார்கள். ஆகவே சட்டம் பாதிக்குத்தான் வந்தது. ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்களை அது விடுவிக்கவில்லை.

நான் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். வகுப்பில் இருந்தவர்கள் பரீட்சைக்கு இது வருமா என்று கேட்டார்கள். அம்மையார் மூலையிலிருந்து வேறொன்று கேட்டார்.

“மாஸ்டர், அந்தப் பொம்பிளை என்ன சொல்லிக் கத்தினவ?”

அது தெரியாது, புத்தகத்தில் இல்லை என்றேன்.

“சாட்சி சொன்னவருக்கு அவ சொன்னது விளங்கினதோ?”

அவரும் கறுப்பினத்தவர்தான், விளங்கியிருக்கும் என்றேன்.

“அப்ப சரி,” என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எனக்கு அவள் கத்தாமல் சொன்னவள், மாஸ்டர். நான் கேக்கேல்லை.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு அவர் தனியாக ரயில் ஏறி அஜக்ஸுக்குப் போனார். அங்கிருந்து ஒரு ராக்ஸி பிடித்து அந்த வீட்டுக்குப் போய் மணியடித்தார். கதவைத் திறந்தவள் அந்தப் பெண். வீட்டார் மேல்மாடியில் இருந்தார்கள். நீர் யார், உமக்கு இங்கே என்ன குறை என்றெல்லாம் அம்மையார் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளை, நீர் எங்கை இருந்து சாப்பிடுறனீர்?”

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நான் இருக்கிறேல்லை அன்ரி.”

நான் இருப்பதில்லை; சாப்பிடக்கூட உட்காருவதில்லை. அன்பர்களே, இதைவிட என்ன வாக்குமூலம் வேண்டும்?

வருகிறாயா என்று கேட்டார். அவள் வாசற்படியைத் தாண்டிவிட்டாள். அதற்குள் வீட்டுக்கார அம்மா இறங்கி ஓடிவந்தார். “எங்கட வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக நீர் ஆர்?” அம்மையார் சொன்ன பதில் இன்றைக்கு எல்லோர் வாயிலும் கிடக்கிறது. “வீட்டுப் பிள்ளை எண்டால் அவவின்ரை சப்பாத்தைக் கொண்டு வாரும், போட்டுக்கொண்டு போகட்டும்.” அந்த வீட்டு வாசலில் நிறையச் சப்பாத்துகள் இருந்தன. அவளுடையது என்று ஒன்று இல்லை. ராக்ஸி காத்துக்கொண்டு நின்றது. அம்மையார் தன் மேலங்கியைக் கழற்றி அவளுக்குப் போட்டுக் கூட்டிவந்தார்.

வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. அவள் அவர்களுக்கு உறவே இல்லை. அவளுடைய பெற்றோர் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வந்தவர்கள். சின்ன வயதில் அவளை யாழ்ப்பாணத்தில் அந்தக் குடும்பத்திடம் விட்டார்கள். குடும்பம் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது, மருமகள் என்று பெயர் மாற்றி அவளையும் கொண்டுவந்தார்கள். அவளுடைய சொந்தப் பெயரில் அவளிடம் எதுவுமே இல்லை.

அந்த வீட்டாரைப் பேய்கள் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பேரும் வேலை. வீடு தூரம். கைக்குழந்தை. பார்க்க ஆள் இல்லை. யுத்தத்துக்குள் கிடந்து சாக வேண்டியவளைக் காப்பாற்றினோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். காடு வெட்ட ஆள் இல்லை என்றவர்களும் அப்படித்தானே நம்பியிருப்பார்கள்? ஆனால் நாங்கள் இங்கே புதிதாக ஊர் கட்டுகிறோம். எங்கள் கோயிலைக் கொண்டுவந்தோம், மொழியைக் கொண்டுவந்தோம், கறித்தூளைக்கூடக் கொண்டுவந்தோம். இதையும் கொண்டுவர வேண்டுமா? இந்தக் கேள்வியைத்தான் அம்மையார் கேட்டார். வேறு எந்தக் குற்றமும் அவர் செய்யவில்லை.

அதற்குப் பிறகு வந்தது உங்களுக்குத் தெரியும். தொலைபேசி அடிக்கும், எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும். காரின் கண்ணாடி உடைந்தது. வீட்டுக் கதவில் கரியால் ஒரு சொல் எழுதினார்கள்: காட்டிக் கொடுத்தவள். நாங்கள் விட்டுவந்த நாட்டில் அந்தச் சொல் ஒருவர் கதவில் எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்று தெரியாதவர்கள் இங்கே யார்? சீமோன் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கதவுக்கே வேறு நிறம் பூசினார். சமாதானம் பேசப் போன என் காரின் ரயரையும் கிழித்தார்கள். என் மனைவி பாலேஸ்வரி இப்போதெல்லாம் ரெலிபோன் வயரைக் கழற்றி வைத்துவிடுகிறா.

மிரட்டியவர்கள் சிலர். மிரண்டவர்கள் பலர். மிரண்டவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தாய் அம்மையாரிடம் அழுதுகொண்டு வந்தா. “என்ரை மகன்ரை கேஸ் இன்னும் முடியேல்லை. தமிழர் பொய்ப் பேரில ஆக்களைக் கொண்டு வருகினம் எண்டு பேப்பரில வந்தால் அவன்ரை கதி என்ன?” அம்மையார் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவ போன பிறகு என்னிடம் சொன்னார்: “அவ சொல்லுறதும் சரி மாஸ்டர். எனக்கும் அந்தப் பயம் இருக்கு. ஆனா இந்தப் பெட்டையின்ரை கேஸும் முடியேல்லைத்தானே?”

அவர் வீரப்பெண்மணி, பயம் அறியாதவர் என்று முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும், நான் அவரைக் கிட்ட இருந்து பார்த்தவன். அவர் மிகவும் பயந்தவர். லிப்ற்றில் தெரியாத ஆள் ஏறினால் இறங்கிவிடுவார். அப்படிப் பயந்துகொண்டே அந்தப் பெண்ணைத் தன் வீட்டு மேசையில் இருத்திச் சாப்பாடு போட்டார். இருந்து சாப்பிடப் பழக அவளுக்கு எவ்வளவோ நாள் எடுத்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடுவாளாம். இவர் பின்னால் போய்க் கூட்டிக்கொண்டு வருவாராம்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை அந்தப் பெண்ணின் விசாரணை. அகதி விசாரணைச் சபைக்கு முன்னால் அவள் தன் வாயால் சொல்ல வேண்டும்: நான் மருமகள் அல்ல, என் பெயர் இதுவல்ல, அந்த வீட்டில் நான் இருந்தது இப்படி. உண்மையைச் சொன்னால் பொய்ப் பெயரில் வந்த குற்றத்துக்குத் திருப்பி அனுப்பவும் கூடும். மருமகள்தான் என்று சொன்னால் ஒரு வில்லங்கமும் இல்லை, பழையபடி அந்த வீட்டுக்குப் போகலாம். இரண்டில் ஒன்று. அன்றைக்கு அம்மையார் அவளுக்குப் பக்கத்தில் இருப்பதாக இருந்தது. மொழிபெயர்க்கச் சபை வேறொருவரை அனுப்பும். அவள் விழுங்குகிற சொல்லை அவர் அறிவாரோ என்பது நமக்குத் தெரியாது.

நேற்று நான் அவளைப் போய்ப் பார்த்தேன். எங்கே என்று கேட்காதீர்கள். அவள் அழவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: “அன்ரி இல்லை. நான் திரும்பிப் போறன் மாஸ்டர். அங்கை என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். இங்கை எனக்கு ஒண்டும் தெரியாது.”

அன்பர்களே, தெரிந்த சிறை தெரியாத வெளியைவிடப் பரவாயில்லை என்று ஒரு பிள்ளை முடிவெடுக்கிறாள். கதவில் எழுதிய கரியைவிட இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. அவள் திரும்பிப் போனால் பேர்ணடெற் அம்மையார் செய்த காரியம் அவரோடு போய்விடும். நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு இன்னொரு பெட்டை வருவாள். கேட்டால் நிக்கிறாள் என்பார்கள். எங்கள் பேரப்பிள்ளைகள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு வளருவார்கள்.

பின்வரிசையில் இருக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அந்த வீட்டாரின் சொந்தம். அஞ்சலிக்கு வந்தீர்களோ, யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க வந்தீர்களோ, வந்ததற்கு நன்றி. நான் பேசியதைப் போய்ச் சொல்லுங்கள். அதோடு இதையும் சொல்லுங்கள்: அவர்களின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்கள் கட்டிடத்துப் பெண்கள் முறைபோட்டு வரத் தயாராக இருக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். பிறகு தங்கள் வீட்டுக்குப் போவார்கள்.

சீமோன் அவர்களே, நிலாணி, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். திங்கட்கிழமை காலை அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு நான் போகிறேன். அவள் மனம் மாறாவிட்டால்? வாசல்வரைக்கும் போய்ப் பேசிப் பார்ப்பேன். அவளைக் கட்டி இழுக்க எனக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த விசாரணைக் கட்டிடத்து நடையில் அவள் வந்து பார்க்கும்போது, தனக்குத் தெரிந்த முகங்கள் கொஞ்சம் இருக்க வேண்டும். உள்ளே எங்களை விடுவார்களோ தெரியாது. வெளியே போட்டிருக்கும் வாங்கில் உட்கார்ந்திருக்கலாம். நான் அவளுக்கு ஒரு பக்கம் இருப்பேன். மற்றப் பக்கம் இப்போது வெறுமையாக இருக்கிறது.

யார் வருகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கை உயர்த்த வேண்டாம். யார் பெயரையும் எழுதமாட்டேன். உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, கேஸ் இருக்கிறது, கதவு இருக்கிறது. எனக்கு அது விளங்குகிறது.

கூட்டம் முடிந்ததும் நான் சீமோனுக்குப் பக்கத்தில் வாசலில் நிற்பேன். வெளியே போகும்போது எல்லோரும் எங்கள் கையைப் பிடித்துத் துக்கம் விசாரிப்பீர்கள். அதை யார் பார்த்தாலும் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வர மனமுள்ளவர்கள் என் கையை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். வாய் திறக்க வேண்டாம். எனக்கு விளங்கும்.